செல்லு எதைத் தொடுதுங்கறதும் முக்கியம்: பயோமெட்டீரியல் பத்தி ஆரம்பத்துல இருந்து

ஊட்டிக்காரங்களுக்கு ஜெலட்டின் ஒண்ணும் புதுசில்ல. இந்து நகர்ல ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிட்டிருந்த காலத்துல ஃபிலிம் மேல பூசுனதே ஜெலட்டின்தான், வெள்ளி உப்பை அதுல கலந்து மெல்லிசா பூசுவாங்க, எக்ஸ்ரே ஃபிலிமும் அதே கதைதான். சாண்டிநல்லா பக்கம் மாட்டெலும்புல இருந்து ஜெலட்டின் எடுக்குற ஃபேக்டரியும் இருக்கு. மாத்திரை கேப்சூலு, ஜெல்லி மிட்டாய் எல்லாத்துலயும் அதான். இதே ஜெலட்டினத்தான் இன்னைக்கு உலகம் பூரா லேப்ல எடுத்து அதுக்குள்ள மனுஷ செல்லை விட்டு, எலும்பு வளருதா குருத்தெலும்பு வளருதா ரத்தக்குழாய் வருதான்னு பாத்துட்டு இருக்காங்க. எத்தனையோ பொருள் இருக்க இதை ஏன் புடிச்சாங்கன்னு கேட்டா, அந்த பதில்லயே பாதி சப்ஜெக்ட் முடிஞ்சிரும்.

மொதல்ல பயோமெட்டீரியல்னா என்னன்னு பாத்துருவோம். உடம்புக்குள்ள வைக்கிறதுக்கோ, உடம்போட ஒட்டி இருக்கறதுக்கோ செய்யுற பொருள், அவ்வளவுதான். பல்லுக்கு வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூ, தானா கரையுற தையல் நூல், காட்டராக்ட் ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் எல்லாமே இதுல வரும். அந்த லென்ஸ் கதை நல்லாருக்கும். ரெண்டாம் உலகப்போர்ல ஃபைட்டர் விமானத்தோட காக்பிட் மூடி ஒடைஞ்சு அந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் சில்லு பைலட்டுங்க கண்ணுக்குள்ள போயிருச்சு, ஆனா கண்ணு அதை எதிர்க்காம சும்மா இருந்துச்சு. இதை ஹரால்ட் ரிட்லினு ஒரு லண்டன் கண் டாக்டர் கவனிச்சார், 1949 நவம்பர்ல அதே வகை பிளாஸ்டிக்ல லென்ஸ் செஞ்சு ஒரு பேஷண்டுக்கு வச்சார். இன்னைக்கு கோத்தகிரி பக்கம் கண் கேம்ப்ல நம்ம பாட்டிமாருக்கு லென்ஸ் வைக்கிறாங்கன்னா அதோட மூலம் அங்கதான் இருக்கு.

அந்தக் காலத்து எண்ணம் என்னன்னா, நல்ல மெட்டீரியல்னா உடம்பு அதை கண்டுக்கவே கூடாது. போட்டா போட்ட இடத்துல கம்முனு கிடக்கணும். லென்ஸுக்கு அது போதும். ஆனா எல்லா இடத்துலயும் அது வேலைக்கு ஆகாது, ஏன்னா உடம்பு கண்டுக்காம விடுறதுங்கறது ரொம்ப அபூர்வம். வெளிப் பொருள் ஒண்ணு உள்ள வந்தா மேக்ரோஃபேஜ்னு சொல்ற செல்லுங்க வந்து மொய்க்கும், அதை முழுங்கப் பாக்கும், முடியலைன்னா ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிய செல்லா ஆகும், கடைசில அதைச் சுத்தி தழும்பு மாதிரி கெட்டியா ஒரு உறை போட்டு மூடிரும். சுகர் பேஷண்டுக்கு தோலுக்கடியில வைக்கிற சென்சார் கொஞ்ச நாள் கழிச்சு சரியா வேலை செய்யாம போறதுல இந்த உறைக்கும் பங்கு உண்டு. 1952ல ஸ்வீடன்ல பிரானெமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் முயல் எலும்புக்குள்ள டைட்டானியத்துல ஒரு சின்ன கருவிய வச்சுட்டு, ஆராய்ச்சி முடிஞ்சதும் கழட்டப் பாத்தா கழட்ட வரல, எலும்பு அதோட ஒண்ணா ஒட்டிருச்சு. தழும்பு உறை இல்லாம எலும்பே நேரா வந்து புடிச்சிருக்கு. 1965ல மனுஷன் தாடையில அதே டைட்டானியத்த போட்டார். உடம்பை ஏமாத்தி ஒளிஞ்சிருக்கறதை விட்டுட்டு உடம்போட பேசுற மெட்டீரியல் செய்யலாமேங்கற யோசனை இப்படிதான் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு.

சரி, செல்லு எப்படி ஒரு பொருளோட பேசும்? இதுக்கு குன்னூர்ல ஒரு நல்ல இடம் இருக்கு, சிம்ஸ் பார்க்குக்கு எதிர்ல இருக்குற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், 1907ல ஆரம்பிச்சது. ஒரு காலத்துல நாய்க்கடிக்கு தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்களே, அது ஆட்டு மூளையில செஞ்ச மருந்து. அப்புறம் வீரோ செல்னு ஒரு குரங்கு கிட்னி செல் மேல ரேபிஸ் வைரஸ வளத்து தடுப்பூசி செய்யுற முறைக்கு மாறினாங்க, குன்னூர்லயும் அது வந்துச்சு. அந்த வீரோ செல்லு இருக்கே, சாப்பாட்டுத் திரவத்துல மிதக்கவிட்டா வளராது. ஒட்டிக்க ஒரு பரப்பு வேணும், இல்லைன்னா செத்துப்போகும். நம்ம உடம்புல ரத்த செல்லுங்க மாதிரி சிலதை விட்டா பெரும்பாலான செல்லுக்கு இதான் விதி. பெரிய டேங்க்ல வளக்கணும்னா பரப்புக்கு எங்க போறது? 1967ல வான் வேசெல்னு ஒரு டச்சு விஞ்ஞானி கண்ணுக்கே சரியா தெரியாத குட்டிக் குட்டி உருண்டைங்களை திரவத்துல கலக்கிவிட்டு அது மேல செல்லை வளத்தார். அதுலயும் ஒரு சிக்கல், உருண்டைக்கு பாசிட்டிவ் சார்ஜ் இருந்தாத்தான் செல்லு ஒட்டுது, ஆனா சார்ஜ் ஜாஸ்தியா போனா செல்லு சரியா வளரல. அளவைக் கொறைச்சப்புறம்தான் அது உருப்படியா ஆச்சு. அங்கயே புரிஞ்சிருக்கணும், பரப்புங்கறது வெறும் இடம் இல்ல, அதுவே செல்லுக்கு ஏதோ சொல்லுதுன்னு.

நான் லேப்ல இருக்கேங்கறதால இதை நேர்ல பாக்குற சான்ஸ் கிடைச்சது. ஃபிளாஸ்க்ல செல்லை ஊத்தின உடனே மைக்ரோஸ்கோப்ல பாத்தா எல்லாம் உருண்டையா, ஓரமெல்லாம் மின்னிக்கிட்டு மிதக்கும். இன்குபேட்டர்ல 37 டிகிரில வச்சுட்டு டீ குடிச்சுட்டு சாப்பிட்டு சாயங்காலம் வந்து பாத்தா ஆளே மாறியிருக்கும், தட்டையா பரந்து, மூலைக்கு மூலை காலை நீட்டி, நடுவுல நியூக்ளியஸ் மட்டும் கொஞ்சம் மேடா தெரியும். அதையே எடுக்கணும்னா ட்ரிப்சின்னு ஒரு என்ஸைம் ஊத்தணும், ரெண்டு மூணு நிமிஷத்துல நீட்டின காலையெல்லாம் சுருக்கிக்கிட்டு திரும்ப உருண்டை ஆயிரும், ஃபிளாஸ்க்க பக்கவாட்டுல லேசா தட்டினா கொத்து கொத்தா கழண்டு வரும். ட்ரிப்சின் செல்லைக் கொல்லல, அது புடிச்சிருந்த புடிமானத்த மட்டும் வெட்டுது.

அந்த புடிமானம் என்னங்கறதுதான் மேட்டர். செல்லோட தோல்ல இன்டெக்ரின்னு ஒரு வகை புரோட்டீன் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, உள் பக்கம் அது செல்லோட எலும்புக்கூடு மாதிரி இருக்கற ஆக்டின் நாரோட கோத்திருக்கு. வெளிப் பக்கம் அது எதைப் புடிக்கும்? உடம்புல செல்லைச் சுத்தி கொலாஜன், ஃபைப்ரோநெக்டின்னு நார்நாரா ஒரு வலை இருக்கு, செல்லே சுரந்து செஞ்சுக்குற வலை, அதுல சில இடங்களை. 1984ல அமெரிக்காவுல பியர்ஷ்பாகர், ருவோஸ்லாட்டினு ரெண்டு பேரு, அவ்வளவு பெரிய ஃபைப்ரோநெக்டின்ல செல்லு புடிக்கறதுக்கு முக்கியமான துண்டு வெறும் மூணு அமினோ அமிலம்னு காட்டினாங்க. ஆர்ஜினைன், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், சுருக்கமா ஆர்ஜிடி. எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான். ஏன்னா இதுக்கப்புறம் செல்லு சீண்டவே சீண்டாத ஒரு வழவழ ஜெல்ல எடுத்து, அதுல ஆர்ஜிடிய மட்டும் தெச்சு விட்டா செல்லு வந்து புடிச்சுக்குது, தைக்காத இடத்துல புடிக்கறதில்ல. எங்க ஒட்டணும், எவ்வளவு நெருக்கமா ஒட்டணும்னு நம்ம முடிவு பண்ணலாம். நம்ம மல்பெரி பட்டுல இந்த ஆர்ஜிடி கிடையாது, ஆனா டசர் மாதிரி காட்டுப் பட்டுப்பூச்சியோட பட்டுல இயற்கையாவே இருக்கு, அதனால லேப்ல டசருக்கு தனி மவுசு.

புடிச்சதோட விடாது, இழுத்தும் பாக்கும். எஸ்டேட்ல சரிவுல ஏறும்போது பக்கத்துல இருக்குற செடிய புடிச்சு லேசா இழுத்துப் பாத்துட்டு, தாங்கும்னு தெரிஞ்சாத்தான வெயிட்ட குடுப்போம், செல்லு அதையேதான் பண்ணுது. இழுத்தா அசையாம நிக்குதா, கூடவே வருதா. 2006ல எங்லர், டிஷர் குரூப் செஞ்ச ஆராய்ச்சில, எலும்பு மஜ்ஜையில இருந்து எடுத்த ஸ்டெம் செல்ல, அதாவது இன்னும் எந்த வகைன்னு முடிவாகாம வேற வேற செல்லா மாறக்கூடிய செல்ல, வேற வேற கெட்டியா இருக்குற ஜெல் மேல வச்சாங்க. சாப்பாடு ஒண்ணுதான், மேல பூசுன கொலாஜனும் ஒண்ணுதான், கெட்டித்தன்மை மட்டும் வேற. மூளை அளவுக்கு கொழகொழன்னு, அதாவது 1 கிலோபாஸ்கல் வரைக்கும் (கெட்டித்தன்மைய அளக்குற அலகு இது) இருந்த ஜெல்லுல செல்லு நரம்பு செல் மாதிரி கிளை விட ஆரம்பிச்சுது, 10 கிலோபாஸ்கல் பக்கம் தசை மாதிரி போச்சு, 25ல இருந்து 40க்குள்ள எலும்பு செல்லோட அடையாளம் காட்டுச்சு. முழுசா நரம்பாவே ஆயிருச்சுன்னு எடுத்துக்காதீங்க, அந்தப் பக்கமா திரும்புச்சு, அவ்வளவுதான். ஆனா மருந்து ஒண்ணும் மாத்தாம தரையோட கெட்டித்தன்மைய மட்டும் மாத்தி இதைச் செய்ய முடியுதுங்கறதே பெரிய விஷயம். இழுவிசை உள்ள போய் எப்படி ஜீன் வரைக்கும் எட்டுதுங்கறதுக்கு 2011ல ஒரு பதில் கிடைச்சது, யாப்னு ஒரு புரோட்டீன், கெட்டியான பரப்புல செல்லு இறுக்கமா பரந்து இருந்தா அது நியூக்ளியஸுக்குள்ள போகுது, மெத்துனு இருந்தா வெளிய நின்னுருது.

இதுல ஒரு சங்கடம் பாருங்க. நாங்க லேப்ல காலங்காலமா செல்லு வளக்குற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் இருக்கே, அதோட கெட்டித்தன்மை 3 ஜிகாபாஸ்கல் பக்கம், அதாவது 30 லட்சம் கிலோபாஸ்கல். மூளையோட ஒப்பிட்டா பல லட்சம் மடங்கு கெட்டி. மூளை செல்லை அவ்வளவு கெட்டியான தரையில வளத்து வச்சுட்டு அதோட குணத்தப் பத்தி முடிவு எழுதினா அதை எவ்வளவு நம்பலாம்? அது மட்டுமில்ல, ரொம்ப நாள் கெட்டித் தரையில இருந்த செல்லை அப்புறம் மெத்துனு இருக்குற ஜெல்லுக்கு மாத்தினாலும் பழைய பழக்கம் உடனே போறதில்லன்னும் பாத்திருக்காங்க.

வடிவமும் கணக்குல வரும். 1997ல சென், இங்பர், வைட்சைட்ஸ்னு ஒரு டீம் கண்ணாடி மேல குட்டி குட்டித் தீவா மட்டும் ஒட்டுற புரோட்டீன அச்சடிச்சு, மத்த இடத்துல செல்லு ஒட்டாம பண்ணிட்டு, ரத்தக்குழாய் செல்லை விட்டாங்க. பெரிய தீவுல உக்காந்தது பரந்து வளந்துச்சு, சின்னத் தீவுல சிக்கினது தானாவே செத்துப்போச்சு. தொடுற இடம் கொறைஞ்சதால செத்துச்சா, பரந்து உக்கார முடியாததால செத்துச்சான்னு சந்தேகம் வருமில்ல, அதுக்காக சின்னப் புள்ளிங்களா தள்ளித் தள்ளி அச்சடிச்சாங்க. தொடுற பரப்பு கொஞ்சம்தான், ஆனா புள்ளிக்குப் புள்ளி எட்டிப் புடிச்சு செல்லு பரந்துக்கலாம். அதுல பொழச்சுது. இந்த மாதிரி எக்ஸ்பெரிமெண்ட்ட யோசிச்சவங்களுக்கு ஒரு சல்யூட்.

நேர் கோடா நார் இருந்தா செல்லும் அதைப் புடிச்சு நேரா போகுங்கறது இன்னும் பழைய விஷயம், ராஸ் ஹாரிசன்னு ஒரு விஞ்ஞானி 1914லயே சிலந்தி வலை நூலைக் கட்டி அது மேல கரு செல்லுங்க வரிசையா நகர்றத எழுதியிருக்கார். இப்ப அறுந்துபோன நரம்பை இணைக்க கொலாஜன்ல சின்ன குழாய் வைக்கிறாங்க, ரெண்டு முனைக்கும் நடுவுல கேப் சின்னதா இருந்தா, சுமார் 3 சென்டிமீட்டருக்குள்ள, நரம்பு அதுக்குள்ள வழி புடிச்சு வளர முடியும். அதுக்கு மேல போனா இன்னும் உடம்புல வேற எங்கிருந்தாவது நரம்பு எடுத்து தைக்கறதுதான் நம்பிக்கையான வழி.

இப்ப ஜெலட்டினுக்கு வருவோம். நம்ம உடம்போட புரோட்டீன்ல மூணுல ஒரு பங்கு பக்கம் கொலாஜன்தான், எலும்பு, தோலு, தசைநார் எல்லாத்துலயும். மூணு இழை முறுக்கின கயிறா இருக்குற அந்த கொலாஜனை கொதிக்க வச்சு முறுக்கைப் பிரிச்சா ஜெலட்டின். முறுக்குக்குள்ள மறைஞ்சு கிடந்த ஆர்ஜிடி பிரிச்சதும் வெளிய தெரியும், அதனால செல்லு ஆசையா வந்து ஒட்டும், செல்லோட என்ஸைமால அதை வெட்டி வழி பண்ணிக்கவும் முடியும். விலையும் கம்மி. அதான் நான் மொதல்ல சொன்ன கேள்விக்கு பதில். ஒரே பிரச்சனை, குன்னூர் டிசம்பர் குளிர்ல ஃபிரிட்ஜே இல்லாம கட்டி ஆகுற ஜெலட்டின், 37 டிகிரி இன்குபேட்டர்ல வச்சா உருகி ஓடிரும். 2000ல பெல்ஜியத்துல ஒரு குரூப் ஜெலட்டினோட மெத்தாக்ரிலேட்னு ஒரு கெமிக்கல சேத்து, லைட் அடிச்சா இழைங்க ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்குற மாதிரி செஞ்சாங்க, அது ஜெல்மான்னு இன்னைக்கு பயோபிரிண்டிங் பண்ற, அதாவது செல்லு கலந்த ஜெல்ல பிரிண்டர்ல அச்சடிச்சு திசு செஞ்சு பாக்குற லேப்ல எல்லாம் ஓடிட்டிருக்கு. எவ்வளவு நேரம் லைட் அடிக்கிறோமோ அதைப் பொறுத்து கெட்டித்தன்மைய கூட்டலாம் கொறைக்கலாம்.

எங்க மாமா ஒருத்தர் ஃபிலிம் ஃபேக்டரில கோட்டிங் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு தடவை அவர்கிட்ட, "மாமா, ஜெலட்டின் ஒவ்வொரு லாட்டும் ஒரே மாதிரியா வரும்?"னு கேட்டேன். "எங்கம்மா வரும், லாட்டு மாறுனா டெஸ்ட் போடாம மெஷின்ல ஏத்தவே விடமாட்டாங்க, உங்க லேப்ல அப்படியே ஊத்திருவீங்களா?"ன்னார். நியாயமான கேள்வி. 1925ல கோடாக்ல ஷெப்பர்ட்னு ஒரு கெமிஸ்ட், சில ஜெலட்டின்ல ஃபிலிம் நல்லா வருது சிலதுல வரலைங்கறதுக்கு காரணம் தேடிப் போனா, துளியூண்டு கந்தகக் கலவை, கடுகுல இருக்கற சமாச்சாரம், மாடு மேஞ்சதுல இருந்து எலும்பு தோல் வழியா ஜெலட்டினுக்கு வந்திருக்கு. ஃபிலிமுக்கே இப்படின்னா செல்லுக்கு கேக்கவே வேணாம். மிருகத்துல இருந்து எடுக்குற மெட்டீரியல் எல்லாத்துக்கும் இந்தத் தலைவலி உண்டு, அதனாலதான் ஒரு கூட்டம் முழுக்க கெமிக்கலா செஞ்ச பாலிஎத்திலீன் கிளைகால் ஜெல்ல எடுத்து, அதுல ஆர்ஜிடி, செல்லு வெட்டக்கூடிய துண்டு எல்லாத்தையும் அளந்து வைக்குது. என்னைக் கேட்டா ஆராய்ச்சிக்கு அது சுத்தம், ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொலாஜன்தான் முன்னாடி நிக்குது.

ஆஸ்பத்திரில ஜெயிச்சதுக்கு உதாரணம்னா தீக்காயத்துக்கு வர்ற தோல். யானாஸ்னு ஒரு மெட்டீரியல் சயின்டிஸ்ட்டும் பர்க்னு ஒரு சர்ஜனும் 1981ல காட்டினது. மாட்டுத் தசைநார் கொலாஜனோட சுறா குருத்தெலும்புல இருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சங்கிலிய கலந்து, உறைய வச்சு காயவச்சு, ஸ்பான்ஜ் மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு ஷீட், மேல தண்ணி ஆவியாகாம இருக்க சிலிகான். பெரிய காயம் தானா ஆறுனா என்ன ஆகும், ஓரத்துல இருக்கற செல்லுங்க காயத்தை இழுத்து சுருக்கி தழும்பா மூடிரும், கழுத்துல கைமுட்டில அப்படி சுருங்குனா மடக்கி நீட்ட முடியாது. இந்த ஷீட்டுக்குள்ள செல்லுங்க பூந்து எல்லாப் பக்கமும் பரவி புடிச்சுக்கறதால ஒண்ணா சேந்து இழுக்க முடியல, சுருக்கம் தடைபடுது, அந்த நேரத்துல புதுசா உள் தோல் உருவாகுது. மூணு வாரம் பக்கத்துல சிலிகானை எடுத்துட்டு மெல்லிசா தோல் ஒட்டு போடுவாங்க. ஓட்டை ரொம்பச் சின்னதா போனா செல்லு உள்ள போகாது, ரொம்பப் பெருசா போனா புடிக்க சுவரே பத்தாது. ஷீட் சீக்கிரமா கரைஞ்சா பிரயோஜனம் இல்ல, கரையாமலே நின்னா புதுத் தோலுக்கு இடம் இல்ல. இந்தக் கரையுற டைமிங்தான் இந்தத் துறையில பாதிப் பேர் முடிய கொட்ட வைக்கிறது. அமெரிக்காவுல 1996ல இதுக்கு அனுமதி கிடைச்சது. நம்ம பக்கம் அடையார்ல இருக்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் கொலாஜன்ல காயத்துக்குப் போடுற ஷீட் செஞ்சிருக்கு, செருப்புத் தோலுக்கான இடம்னு நெனைக்காதீங்க, தோலுன்னாலே கொலாஜன்தான, அவங்கள விட அதைத் தெரிஞ்சவங்க யாரு.

இதோட வளர்ச்சி சிக்னலையும் சேத்து விட்டா இன்னும் நல்லாருக்குமேன்னு தோணும். பிஎம்பினு எலும்பை வளரச் சொல்ற புரோட்டீன், 1965ல யூரிஸ்ட்னு ஒரு எலும்பு சர்ஜன் காட்டின வழில கண்டுபிடிச்சது, அதை கொலாஜன் ஸ்பான்ஜ்ல ஊற வச்சு முதுகெலும்பு ஆபரேஷனுக்கு 2002ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. வேலை செஞ்சுது, ஆனா ஸ்பான்ஜ் அதைப் புடிச்சு வைக்காம சட்டுனு வெளிய விட்டுருது, அதனால டோஸ் ரொம்ப ஜாஸ்தியா போட வேண்டியிருந்துச்சு, கழுத்துல போட்ட இடத்துல வீங்கி மூச்சு விட கஷ்டமாகி 2008ல அந்த நாட்டு அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சு. சிக்னல் நல்லதுதான், அதை எங்க எவ்வளவு நேரம் புடிச்சு வைக்கணும்ங்கற வேலைய மெட்டீரியல் ஒழுங்கா செய்யல.

அப்போ கிட்னி, லிவர் எல்லாம் எப்ப பிரிண்ட் பண்ணி வரும்னு கேப்பீங்க. எலி முதுகுல மனுஷக் காது முளைச்ச ஃபோட்டோ வாட்ஸப்ல அப்பப்ப சுத்தும்ல, அது 1997ல வந்தது, மனுஷக் காதே இல்ல, காது வடிவத்துல கரையுற பிளாஸ்டிக் வலை செஞ்சு அதுல மாட்டுக் குருத்தெலும்பு செல்லை விட்டு எலியோட தோலுக்கடியில வச்சது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் வேண்டியதில்ல, அதான் அது முடிஞ்சுது. மத்த திசுல ரத்தக்குழாய்ல இருந்து 100, 200 மைக்ரோமீட்டர் தள்ளி இருந்தாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது, அது முடி கனத்துக்கு ஒண்ணு ரெண்டு மடங்குதான். தோலு மெல்லிசு, சமாளிச்சுரலாம். கட்டை விரல் அளவு லிவர் துண்டுன்னாலே நடுவுல இருக்குறது செத்துரும். ஆகவே பிரிண்ட் பண்றது பெரிய விஷயமில்ல, அதுக்குள்ள குழாய் ஓடணும், அது உடம்போட குழாயோட உடனே சேரணும். அவசரப்பட்டவங்க கதையும் இருக்கு, ஸ்வீடன்ல 2011ல பிளாஸ்டிக் மூச்சுக்குழாய்ல பேஷண்டோட ஸ்டெம் செல்லை ஊத்தி வச்சுட்டு உலகச் செய்தி ஆச்சு, செல்லு அங்க மூச்சுக்குழாயா மாறவே இல்ல, அந்த மாதிரி வச்சுக்கிட்டவங்க பெரும்பாலும் செத்துப்போனாங்க, சர்ஜனுக்கு 2023ல கோர்ட்டு ஜெயில் தண்டனை குடுத்துச்சு.

நம்ம மலையில நான் இதைப் பத்தி வாயத் தொறந்தா வர்ற அடுத்த கேள்வி முட்டி வலிதான். கொழுந்து பறிக்கிற பாதி அக்காமாருக்கு முட்டி போச்சு, ஏறி இறங்கி. "ஏன் கண்ணு, புதுசா ஜவ்வு வளத்து வைக்கிறாங்களாமே, எனக்கு ஆகுமா"ன்னு பக்கத்து வீட்டு லட்சுமிக்கா கேட்டாங்க. இருக்கு, பேஷண்டோட குருத்தெலும்பு செல்லை எடுத்து லேப்ல பெருக்கி பன்றிக் கொலாஜன் ஷீட்ல பரப்பி முட்டில ஒட்டுறது, 2016ல அமெரிக்காவுல அனுமதி ஆனது. ஆனா அது அடிபட்டு ஒரு இடத்துல மட்டும் பேந்து போன முட்டிக்கு. வயசாகி மூட்டு முழுக்கத் தேஞ்சதுக்கு ஆகாதுக்கா, சுத்தி எல்லாம் வீக்கமா இருக்கற இடத்துல புதுச் செல்லு நிக்காதுன்னு சொன்னேன். அதுக்கு இன்னும் உலோகமும் பாலிஎத்திலீனும் வச்சு மூட்டு மாத்துறதுதான். அதுலயும் செல்லு சும்மா இருக்கறதில்ல, வருஷக்கணக்குல நடந்து பிளாஸ்டிக் தேஞ்சு வர்ற பொடிய மேக்ரோஃபேஜ் முழுங்கி, செரிக்க முடியாம சிக்னல் விட்டு, பக்கத்து எலும்பைக் கரைக்க வச்சிரும், மூட்டு ஆட்டம் கண்டுரும். அதுக்காகத்தான் 1990கள் கடைசில இருந்து இழைங்களை இன்னும் இறுக்கமா பூட்டின பாலிஎத்திலீன் வந்துச்சு, தேய்மானம் நல்லாவே கொறைஞ்சிருக்கு.